கறுக்காத குட்டியும் கை தூக்காத தங்கச்சியும்

என் அருளாயி அக்கா,

நீ இறந்து, வருகிற மாதத்தோடு ஒரு வருடம். கண் தெரியாமல் போன கடைசி நாலு வருடமும் பேப்பர் முதல் மருந்துச் சீட்டு வரை நான்தானே உனக்குப் படித்துக் காட்டினேன். அந்தப் பழக்கத்தில் இதையும் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன். பக்கத்து வீட்டுப் பெண் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறாள். கிழவிக்கு முற்றிவிட்டது என்று நினைத்திருப்பாள், நினைத்துக்கொள்ளட்டும்.

முதலில் சேதியைச் சொல்லிவிடுகிறேன். உன் புத்தகம் வரப்போகிறது. உன் மகன் சபாக்கிலிருந்து அந்த நாலு நோட்டுப் புத்தகங்களையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தான். கோலாலம்பூரில் சிறுவர் நூல்கள் போடுகிற ஒரு சின்னப் பெண் அதை வாங்கிக்கொண்டு போய் முழுக்கத் தட்டச்சு செய்துவிட்டாள். நீ வைத்த பெயர்தான், 'கறுக்காத குட்டி'. அட்டையில் குட்டியின் நிறம் பழுத்த பப்பாளியின் உள்நிறமாக இருக்க வேண்டும் என்று நான் மூன்று தடவை திருப்பி அனுப்பினேன். நாலாவது தடவை சரியாக வந்தது.

ஆனால் அந்தப் பெண்ணோடு எனக்கு ஒரு சண்டை. கதையின் முடிவு அவளுக்குப் பிடிக்கவில்லை. "ஆன்ட்டி, கடைசியில அந்தக் குட்டி ஏதாவது பெருசா செய்யணும் லா. எல்லாரையும் காப்பாத்தணும். அப்பதானே மத்தவங்க அதைச் சேர்த்துக்குவாங்க?" என்றாள். எனக்கு வந்த கோபம் உனக்குத் தெரியும். அப்புறம் அடங்கிவிட்டேன். அன்று பிள்ளைகளாக இருந்த நாங்களும் உன்னிடம் இதையேதானே கேட்டோம்?

இதை வேறு பலரும் படிக்கப்போகிறார்களாம். அதனால் உனக்குத் தெரிந்ததையே உனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்.

கோல சிலாங்கூர் மலையில் லோத்தோங் குரங்குகள் உண்டு. தாயும் தகப்பனும் கரிச்சட்டி நிறம். பிறக்கிற குட்டி மட்டும் பளீரென்று பப்பாளி நிறம். கூட்டத்துப் பெண்குரங்குகள் எல்லாம் அந்தக் குட்டியைக் கைமாற்றிக் கைமாற்றித் தூக்கி வைத்துக்கொள்ளும். மூன்று நாலு மாதத்தில் குட்டியும் கறுத்து, கூட்டத்தோடு கூட்டமாகிவிடும். நம் வீடுகளைச் சுற்றி வேலி போடுவதற்கு முந்தின வருடம், ரப்பர் தோட்டத்து லோரியில் நாமெல்லாம் அங்கே போனபோது, நீ அந்தக் குட்டிகளையே பார்த்துக்கொண்டு நின்று, லோரியைத் தவறவிடப் பார்த்தாய்.

கறுக்கவே கறுக்காத ஒரு குட்டி இருந்தால் என்ன ஆகும்? அதுதான் உன் கதை. கூட்டத்தின் பெரியவருக்குப் பயம். இவ்வளவு பளிச்சென்று ஒன்று நடுவில் இருந்தால் மேலே பறக்கிற கழுகுக்கு எல்லாரும் தெரிந்துவிடுவோம், இதை விட்டுவிட்டுப் போய்விடலாம் என்கிறார். பெண்குரங்குகளுக்கு மனம் வரவில்லை. ஆற்றோரச் சேற்றில் வேரூன்றி நிற்கிற பக்காவ் மரக்காட்டில் குட்டியை ஒளித்துவைத்து, முறை வைத்துச் சாப்பாடு கொண்டுபோகிறார்கள். குட்டியை நீ 'அவன்' என்றே எழுதியிருந்தாய். அது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குப் புரிய எழுபது வருடத்துக்கு மேல் ஆனது.

உனக்கு அப்போது பதினேழு வயது, பால்மரம் வெட்டப் போய்க்கொண்டிருந்தாய். விடிகாலையில் மரத்தைக் கீறிவிட்டால் பால் சொட்டி முடிய இரண்டு மணி நேரமாகும். மற்றப் பெண்கள் மரத்தடியில் சாய்ந்து கண்ணயர்வார்கள், நீ அந்த நேரத்தில் எழுதுவாய். தாளுக்கு எங்கே போவது? தோட்டத்துக் கணக்கு எழுதுகிற பெரிய கிராணி ஆபீஸிலிருந்து தூக்கிப் போடுகிற பழைய பெரட்டுத் தாள்கள்தான். முன்பக்கத்தில் காலையில் வேலைக்கு வந்தவர்களின் பெயர்கள், பின்பக்கத்தில் உன் குரங்குகள். ஊசிநூலால் தைத்து இடுப்பில் செருகிக்கொள்வாய்.

ஞாயிற்றுக்கிழமை செபம் முடிந்ததும் லயத்து வரிசை வீடுகளின் பிள்ளைகள் எல்லாரும், கைக்குழந்தைகளை விட்டுப் போகிற ஆயாக் கொட்டகைக்குப் பின்னால் கூடிவிடுவோம். நீ வாசிப்பாய். குட்டி தன்னைக் கறுப்பாக்கிக்கொள்ளச் சேற்றில் உருண்டு, அது காய்ந்து உதிர்ந்து, மறுபடியும் பப்பாளியாக நிற்கிற இடத்தில் நாங்கள் சிரித்த சிரிப்பு. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு நின்று போனது. சூசை மட்டும் கடைசி வரை சிரிக்கவே இல்லை. அவனுக்குப் பிறவியிலேயே ஒரு கால் உள்பக்கமாக வளைந்திருக்கும்.

வெள்ளைக்கார அரசு போட்ட அவசரகாலம் என்று சரித்திரப் புத்தகத்தில் இரண்டு வரியில் எழுதிவிடுகிறார்கள். நமக்கு அது லயத்தைச் சுற்றிய முள்வேலியும் வேலிக் கதவில் சோதனையும்தான். காட்டிலிருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று வெளியே ஒரு பிடி அரிசி போகக் கூடாது. சோறு கொண்டுபோனவர்களை வேனில் ஏற்றியதும், குடும்பத்தோடு இந்தியாவுக்குக் கப்பலேற்றியதும் பக்கத்துத் தோட்டங்களில் நடந்தது. பயத்தில் பெண்கள் வெற்றிலைப் பொட்டலத்தைக்கூட வீட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். நீ மட்டும் குரங்குக் கதையோடு போய்வந்துகொண்டிருந்தாய். உனக்கு அறிவு இருந்ததா அக்கா?

அந்தப் பயத்துக்கு நடுவே நம் வீட்டில் நான் இருந்தேன். ஜப்பான்காரன் காலத்தில் எங்கிருந்தோ ஓடிவந்த ஒரு சீனக் குடும்பம், கைக்குழந்தையாக இருந்த என்னை அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. திரும்பி வரவில்லை. கோயிலில் மதலேன் என்று பெயர் வைத்ததோடு சரி, பிறப்புப் பத்திரம் கிடையாது. தோட்டத்தை ஒட்டிக் காய்கறி போட்டுக்கொண்டிருந்த சீனக் குடும்பங்களை, கோழிகள் உட்பட லோரியில் ஏற்றி, முள்வேலிக்குள் அடைத்துவைக்கிற புதுக்கிராமத்துக்குக் கொண்டுபோன பிறகு, பத்திரம் இல்லாத சீனர் யார் லயத்தில் இருந்தாலும் அனுப்பிவிடுவோம் என்று ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டுப் போனார்கள். அன்றிலிருந்து வேன் சத்தம் கேட்டாலே அப்பா என்னை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்துவார்.

எட்டு வயதான எனக்கோ ஒரு கவலையும் கிடையாது. சீனப் பிள்ளை என்று தெரியும், யாரும் மறைக்கவில்லை. ஆனால் நம் வீடு லயத்தில் நாலாவது கதவு என்பதுபோல அதுவும் ஒரு விவரம், அவ்வளவுதான்.

அந்த வெள்ளிக்கிழமை வேலிக் கதவில் சோதனை செய்த பெண்ணின் கை உன் இடுப்பில் தாள் கட்டின் மேல் பட்டது. அன்று உன்னிடம் இருந்தது கதையின் நடுப்பகுதி மட்டும். குரங்கு என்ற வார்த்தையே இல்லாமல், பெண்குரங்குகளுக்கு நீ வைத்த பெயர்கள் மட்டும் இருந்த பக்கங்கள். 'இன்று குட்டையம்மாவின் முறை. நாளை அரைவாலி கொண்டுபோக வேண்டும். சாப்பாட்டை மடியில் மறைத்துக்கொள்ளுங்கள். பெரியவர் கேட்டால் யாரும் வாய் திறக்கக் கூடாது. அவன் இன்னும் காட்டில்தான் இருக்கிறான்.' பின்னால் திருப்பினால் தோட்டத்து ஆட்களின் பெயர்ப் பட்டியல், கிராணியின் கையெழுத்தில். யார் பார்த்தாலும் என்ன நினைப்பார்கள்?

மறுநாள் காலை பிள்ளை, கிழவர் என்று ஒருவர் விடாமல், காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்துக்கு வரச் சொன்னார்கள். வெயில் ஏறிவிட்டது. அம்மா என் தலையில் துண்டைக் கட்டிக் கண் வரைக்கும் இழுத்துவிட்டு, தன் முதுகுக்குப் பின்னால் என்னை நிறுத்திக்கொண்டாள். வேர்த்து ஊற்றியது, அவிழ்க்கப் போனால் பிடரியில் கிள்ளினாள். நீ லோரிக்குப் பக்கத்தில் தனியாக நின்றாய். லோரி இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது.

வெள்ளைக்கார அதிகாரி கிராணியை வாசிக்கச் சொன்னார். தன் கையெழுத்துப் பட்டியலின் பின்பக்கத்தைத் தானே வாசித்து இங்கிலீஷில் சொல்ல வேண்டிய நிலைமை அந்த மனிதருக்கு. அரைவாலி எந்த லயம் என்று அதிகாரி கேட்டார். குட்டையம்மா என்று யாராவது உண்டா என்று கேட்டார். குட்டையாக இருந்த பெண்கள் எல்லாரும் ஒருவர் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள். இன்று சொன்னால் சிரிப்பு வருகிறது, அன்று ஒருவர் முகத்திலும் ரத்தம் இல்லை.

இது பிள்ளைகளுக்கான கதை என்று நீ சொன்னாய். அதிகாரி நம்பவில்லை. சும்மா கற்பனையிலிருந்து இப்படியெல்லாம் வருமா, உண்மையில் யாரையோ நினைத்துத்தானே எழுதியிருக்கிறாய், அந்த ஒளிந்திருக்கிறவனைக் காட்டு, காட்டினால் வீட்டுக்குப் போகலாம், இல்லையென்றால் லோரியில் ஏறு என்றார். கிராணி அதைத் தமிழில் சொல்லிவிட்டு, தன் பங்குக்கு ஒரு வார்த்தை சேர்த்தார்.

"சொல்லிரும்மா அருளாயி. யாரை நெனச்சு எழுதுன?"

நீ கீழே பார்த்துக்கொண்டு நின்றாய். ஒரு தடவைகூட எங்கள் பக்கம் திரும்பவில்லை. இரண்டாம் முறை கேட்டார். நீ லோரியின் பின்படியில் ஒரு காலைத் தூக்கி வைத்தாய்.

அப்போது சூசை நடந்து வந்தான். வளைந்த காலை இழுத்து இழுத்து, அவ்வளவு பெரிய களத்தில் அவன் ஒருவன் நடக்கிற சத்தம் மட்டும். "அது நான்தான் சார். அக்கா என்னயப் பத்தித்தான் எழுதுது," என்றான்.

வீரம் காட்ட வரவில்லை அவன். நிஜமாகவே அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தான். அதிகாரி அவன் காலைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஜெபமணி முன்னால் வந்தாள், திக்குவாய். "நான்" என்ற ஒரு வார்த்தையைச் சொல்ல அவளுக்கு அவ்வளவு நேரம் பிடித்தது. கிராணி எடுத்துக் கொடுக்காமல் காத்துக்கொண்டு நின்றார்.

பிறகு வந்தது யார்? ஆட்களை வேலை வாங்குகிற மண்டோரின் மகன் பாக்கியநாதன். கால் நேராக இருக்கும், வாய் மழைபோலப் பேசும், இவனுக்கு என்ன குறை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தவன். கையைக் கட்டிக்கொண்டு, "அவங்க ரெண்டு பேரும் இல்ல சார், நான்தான். நான் இன்னும் பாயில ஒண்ணுக்குப் போறேன்," என்று இருநூறு பேருக்கு முன்னால் சொன்னான். எங்கோ ஒருவர் சிரித்தார், உடனே நிறுத்திக்கொண்டார். மண்டோர் தலை குனிந்துகொண்டார். அதற்குப் பிறகு இன்னும் ஏழெட்டுப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள், குட்டி தான்தான் என்று ஒருவரையொருவர் தள்ளிக்கொண்டு.

நான் என்ன செய்தேன் தெரியுமா அக்கா? அம்மாவுக்குப் பின்னால் நின்றபடி பாக்கியநாதன் மேல் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். எவ்வளவு பெரிய பொய்! அது சூசைதான் என்று கத்தலாமா என்று வாயைத் திறந்தேன். அம்மாவின் கை என் பிடரியில் இறுகியது.

அதிகாரி பாக்கியநாதனிடம் கதையை முதலிலிருந்து சொல்லச் சொன்னார். அவனுக்கு அது போதாதா? லோரியின் பின்கதவில் தொங்கி, மார்பில் குட்டியை அணைப்பதுபோல அணைத்து, கழுகாகக் கையை விரித்து ஓடி, எல்லாவற்றையும் நடித்தே காட்டிவிட்டான். கிராணி பாதியிலேயே மொழிபெயர்ப்பதை விட்டுவிட்டார். முடிந்ததும் அதிகாரி தாள்களை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"மிச்சக் கதைய வேலிக்கு உள்ளாற உக்காந்து எழுதணுமாம்," என்றார் கிராணி.

லோரி நீ இல்லாமல் போனது. அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். நான் துண்டை அவிழ்த்துவிட்டு, பாக்கியநாதன் ஏன் பொய் சொல்கிறான், அது சூசைதானே என்று கேட்டேன். அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

நீ மறுபடியும் முதலிலிருந்து எழுதினாய். முடிவையும் எழுதினாய். அந்த முடிவில் பெரியவர் ஒரு நாள் பக்காவ் காட்டுக்கு வருகிறார், குட்டியைப் பார்க்கிறார், முதுகில் ஏற்றிக்கொண்டு திரும்பிப் போகிறார். ஏன் என்று நீ எழுதவில்லை. நாங்கள் விடுவோமா? கறுத்ததா என்று கேட்டோம். இல்லை என்றாய். கழுகை விரட்டியதா என்று கேட்டோம். இல்லை என்றாய். அப்புறம் என்னதான் செய்தது என்று சூசை கேட்டான்.

"என்ன செய்யும்? சாப்புட்டுத் தூங்குச்சு."

எங்களுக்குப் பெரிய ஏமாற்றம். "அது யாரையாச்சும் காப்பாத்துனாத்தான் சோறுன்னா, அது வீடா?" என்று நீ கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாய். போன மாதம் அந்தப் பதிப்பகத்துப் பெண்ணிடம் நான் இதை அப்படியே சொன்னேன். "ஓகே ஆன்ட்டி, தொடமாட்டேன்," என்றாள். ஒரு எழுத்தையும் மாற்றவில்லை.

நீ போவதற்கு மூன்று வாரம் முன்னால் உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நோட்டை உனக்கே வாசித்துக் காட்டினேன். சேற்றில் உருளுகிற அத்தியாயம் வந்தது. "பாவம் சூசை, இதைக் கேட்டு எப்படித் தவித்திருப்பான்," என்றேன். நீ சிரிக்க ஆரம்பித்து, இருமலாகி, தண்ணீர் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

"சூசையா? ஏன்டி, அடுப்புக்கரிய மூஞ்சியெல்லாம் பூசிக்கிட்டு வந்து, 'அக்கா, இப்ப நான் உன்னாட்டம் இருக்கேனா'ன்னு நின்னது சூசையா? மூணு வயசுல நீ செஞ்சதுடி அது."

எனக்கு அது நினைவே இல்லை. கையிலிருந்த நோட்டை மூடிவிட்டேன். கண் தெரியாத உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு ஏன் இத்தனை வருடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா நீ அதயே நெனச்சுக்கிட்டு வளருவ. எனக்கு அது வேணாம்."

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை அக்கா, துக்கத்தால் இல்லை, மலைப்பால். நீ அன்று விரலை நீட்டியிருந்தால் போதும். என் தங்கச்சியை நினைத்து எழுதினேன் என்று ஒரு வாக்கியம். உனக்கு வீடு, எனக்குப் புதுக்கிராமம். பதினேழு வயதில் அதைத் தெரிந்துகொண்டேதான் லோரிப் படியில் காலை வைத்தாயா? அந்த வயதில் எனக்கு இருந்த தைரியத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்று இருக்கிறது. வேறு மாதிரியான பிள்ளை யார் என்று கேட்டபோது, களத்தில் பாதிப் பிள்ளைகள் நான்தான் என்று வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் உள்ளே ஒரு வலி இருந்திருக்கிறது. லயத்திலேயே வேறு முகம், வேறு தோல், வேறு ரத்தமாக இருந்த எனக்கு மட்டும் அது தோன்றவே இல்லை. தோன்றியிருந்தால் நானும் ஓடி வந்திருப்பேன், அதிகாரி என் முகத்தைப் பார்த்திருப்பார், எல்லாம் முடிந்திருக்கும். என்னைக் காப்பாற்றியது அம்மா கட்டிய துண்டு இல்லை. உங்களுக்குள் ஒருத்தி என்பதில் எனக்கு எட்டு வயது வரைக்கும் ஒரு சந்தேகம்கூட வராமல் நீ என்னை வைத்திருந்தாயே, அதுதான். அதை எப்படிச் செய்தாய்? எனக்கு நாலு பிள்ளைகள். பெற்ற பிள்ளைகளிடமே அப்படி ஒரு நிச்சயத்தை என்னால் உண்டாக்க முடிந்ததா என்று தெரியவில்லை.

வருகிற சனிக்கிழமை காலை, கோல சிலாங்கூரில் ஒரு தமிழ்ப்பள்ளி மண்டபத்தில் புத்தகத்தை வெளியிடுகிறார்கள். பிள்ளைகளிடம் ஒரு அத்தியாயம் வாசித்துக் காட்ட என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். வாசித்து முடித்ததும், இந்தக் குட்டி உண்மையில் யார் என்று ஏதாவது ஒரு பிள்ளை கட்டாயம் கேட்கும்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன் அக்கா. இந்தத் தடவை யார் பின்னாலும் நிற்க மாட்டேன். எல்லாரும் பார்க்கக் கையைத் தூக்கி, நான்தான் என்று சொல்லுவேன். சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்வேன். அந்த மண்டபத்தில் வேறு யார் யார் கை மேலே வருகிறது என்று பொறுமையாகப் பார்ப்பேன், ஒருவரையும் பொய் என்று சொல்ல மாட்டேன்.

பெற்றவள் யாரென்று தெரியாமலே எண்பது வயதைத் தாண்டிவிட்ட,
அக்கா யாரென்பதில் ஒரு நாளும் சந்தேகம் வராத,
உன் கூடப்பிறந்த தங்கச்சி
மதலேன்